பச்சையப்பன் உறையிலிருந்த பாதிச் சாவி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நுழைவு அட்டை தயாரிக்கும் கம்பெனியின் சாவி அறையில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். ஏசிக்கு நேர் கீழே மேலாளர் நிர்மல். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருபது வருட ஊழியர் பச்சையப்பன். நடுவில், மிஷினுக்கு முன்னால், தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்த கனிமொழி.

சென்னீர்குப்பம் கிடங்கு ஒன்றை யாரோ கள்ள அட்டையால் திறந்திருந்தார்கள். அட்டைகளைப் பூட்டுவது 'டெஸ்' என்ற பழைய சங்கேத முறை. அதன் சாவி தாளில் அச்சடித்த ஒரு நீண்ட எண்வரிசை, இரண்டு பாதியாகப் பிரித்தது. நிர்மலிடம் ஓர் உறை, பச்சையப்பனிடம் ஓர் உறை.

நிர்மல் ஒரு தாளை நீட்டினார். "இதான் மேடம் இவரோட பழைய பாதி. இப்ப உறையில இருக்கிறதுல அஞ்சு இடம் மாறியிருக்கு. வெளியே வித்துட்டு, மாட்டிக்காம இருக்க மாத்திட்டார்."

"இன்னா சார் பேசறே? தாள் நைஞ்சு போச்சுன்னு மிஷின்லயே மறுபடி அச்சு எட்த்தேன். ரிஜிஸ்டர்ல கீதும்மா, பாத்துக்கோ."

"திருமுல்லைவாயில்ல மாடி எழும்புதே, அதுவும் ரிஜிஸ்டர்ல இருக்கா?"

"எங்க நெலத்த வித்துக் கட்றேன் நைனா! உன்னாண்ட கேட்டனா?"

மாடி என்றதும் கனிமொழிக்கும் உறுத்தியது. பச்சையப்பனை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் கடிதத்தைக் காலையிலேயே பாதி எழுதி வைத்திருந்தாள். இருந்தாலும் நிர்மலின் தாளையும் பச்சையப்பன் உறையிலிருந்த தாளையும் வரி வரியாக ஒப்பிட்டாள். 4 இருந்த இடத்தில் 5, 8 இருந்த இடத்தில் 9. மாறிய ஐந்தும் இரட்டைப்படை இடங்கள். இரண்டையும் தனித்தனியே மிஷினில் அடித்தாள். சாவி வேறானால் சரிபார்ப்பு எண்ணும் வேறாக வர வேண்டும்; இரண்டுக்கும் ஒரே எண் வந்தது.

டெஸ் சாவியில் இரண்டிரண்டு இலக்கமும் கம்ப்யூட்டர் கணக்கில் எட்டு 'பிட்'; அதில் கடைசி பிட், அதாவது இரட்டைப்படை இடத்து இலக்கத்தின் நுனி, அச்சுப் பிழை பார்க்க மட்டும்தான். பூட்டுவதில் அது சேராது. மறு அச்சில் மிஷின் அதைத்தான் திருத்தியிருந்தது. பச்சையப்பன் சாவி மாறவே இல்லை.

கனிமொழி நிர்மலின் தாளை மறுபடி எடுத்தாள்.

"சார், ஒருத்தர் பாதியை இன்னொருத்தர் பார்க்கவே கூடாதுன்னுதானே ரெண்டாப் பிரிச்சிருக்கு? இது உங்ககிட்ட எப்படி வந்தது?"

"அது... ஒரு பாதுகாப்புக்கு..."

"அப்போ ரெண்டு பாதியும் யாராண்ட கீது?" என்றார் பச்சையப்பன்.

பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டு, நிர்மலைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக எழுதினாள் கனிமொழி. கடிதத்தோடு நிர்மலின் தாளையும் ஓர் உறைக்குள் வைத்து, பசை தடவி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டாள்.

"கூரியர்ல நான் அனுப்பிடறேன் மேடம்."

"நான் போட்டுட்டு வரேம்மா."

இருவரிடமும் கொடுக்கவில்லை. ஆட்டோ பிடித்துத் தபால் ஆபீசுக்குப் போய், பதிவுத் தபாலில் தானே சேர்த்தாள்.