விசில் சத்தம் அடங்குவதற்குள்

என் பெரிய மகள் விழுந்ததை ஊரே பார்த்தது. ஒரு தடவை பார்த்திருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். வாராவாரம் பார்த்தது.

டிவியில் ஒரு போட்டி. சாதாரண வேலை பார்க்கிற சனங்களைக் கூட்டிவந்து, சம்பளத்துக்கு வைத்திருக்கிற பலசாலிகளோடு மோத விடுவார்கள். எதிரெதிரே இரண்டு உயரமான மேடை. ஆளுக்கு ஒரு பஞ்சு சுற்றிய தடி. விசில் ஊதுகிறவரை கீழே விழாமல் நின்றால் வந்தவருக்கு ஜெயம். பெண்களோடு மோத 'இரும்பு' என்று ஒருத்தி இருந்தாள். பெற்றவர்கள் வேறு பெயர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை இல்லை.

பெரியவள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை பார்த்தாள். நல்ல தெம்பு. அன்றைக்குக் கடைசிவரை நின்றாள். விசில் ஊதினார்கள். தடியை இறக்கிவிட்டுக் கூட்டத்தில் அப்பன் எங்கே என்று தேடினாள். அந்த நேரம் பார்த்து இரும்பு அடித்தாள். என் மகள் கீழே விரித்திருந்த மெத்தையில் பாதி, தரையில் பாதியாக விழுந்தாள். முழங்கால் போனது.

நிகழ்ச்சியை நடத்துகிற கண்ணாடிக்காரனிடம் சண்டைக்குப் போனேன்.

"பெரியவரே, விசில் சத்தம் அடங்குறதுக்குள்ள விழுந்த அடி கணக்குல சேரும். அதான் எங்க ரூல்" என்றான்.

அந்த ரூல் அப்போதுதான் அவன் வாயில் பிறந்தது. எவனும் கேள்வி கேட்கக்கூடாது என்று அடுத்த வாரம் நடுவரை விட்டு டிவியிலும் அதைச் சொல்ல வைத்தான். அதோடு விட்டானா? நிகழ்ச்சி தொடங்கும்போது பாட்டு வருமே, அதில் முதல் படமே என் மகள் விழுவதுதான். கூடவே 'டொய்ங்' என்று ஒரு சத்தம், சிரிப்பதற்காக.

பெரியவளால் இனி ஆளைத் தூக்க முடியாது. அதே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள். சீட்டு வாங்க வருகிறவன் உற்றுப் பார்ப்பான். "ஏம்மா, டிவியில டொய்ங்குன்னு விழுந்தது நீதானே?" காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்தவன்கூடக் கேட்டானாம்.

வீட்டுக்கு வந்தாலும் அதையே போனில் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒருநாள் போனைப் பிடுங்கினேன்.

"அந்தக் கருமத்த எத்தன தடவ பாப்ப?"

"நான் என்னையப் பாக்கலப்பா. அவளப் பாக்குறேன். குடுங்க."

பழைய வாரங்களையும் சேர்த்துக் காட்டினாள். விசில் ஊதிவிட்டால் இரும்புக்கு ஆட்டம் முடிந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் தடியைத் தாழ்த்தி, சிவப்பு விளக்கு எரிகிற கேமரா பக்கம் திரும்பிக் கையை மடக்கிச் சதையைக் காட்டுவாள். என் மகளை அடித்த அன்றுகூட அடித்த கையோடு அதைத்தான் செய்தாள்.

"விசில் சத்தம் இருக்கிற வரைக்கும் அடிக்கலாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. அவ மட்டும் அத மறந்துட்டா" என்றாள் பெரியவள்.

பக்கத்தில் சின்னவள் காலை நீட்டிப் படுத்திருந்தாள். மரச்சாமான் கடையில் பீரோவை முதுகில் கட்டி மாடிக்கு ஏற்றுகிறவள். எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நான் அவள ஜெயிக்கக்கூட வேணாமாக்கா?"

"விசில் வரைக்கும் நின்னுரு. போதும். அதுக்கப்புறம் அவ விழுறத இந்த ஊரு பாக்கணும்."

"நின்னுருவேன். பீரோ பேசாது, இவ பேசுவா. அவ்வளவுதான வித்தியாசம்."

"கால்ல அடி" என்றேன் நான். சின்னவள் என்னை முறைத்தாள்.

சின்னவள் பெயர் கொடுத்ததும் கண்ணாடிக்காரனுக்கு வாயெல்லாம் பல். அக்காவுக்காகத் தங்கை என்று அன்றைக்கே விளம்பரம் போட்டுவிட்டான். என்னை முன்வரிசையில் உட்கார வைத்தான்.

"அங்கிள், பொண்ணு மேல ஏறும்போது நீங்க கொஞ்சம் அழ முடியுமா?"

"விழுறது யாருன்னு பாத்துட்டு அழுறேன், தம்பி."

சிரித்துக்கொண்டே போனான். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கூட்டம் எப்போது கைதட்ட வேண்டும் என்று கையைத் தூக்கிக் காட்ட அங்கே ஓர் ஆள் உண்டு. அவன் தூக்கினான், தட்டினார்கள். இரும்பு தன் மேடையில் ஏறினாள்.

"உங்க அக்கா ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டு காலியா இருக்கான்னு கேட்டுட்டு வந்தியா?" என்றாள் மைக்கில். கூட்டம் சிரித்தது.

"கேட்டுட்டேன். உன் பேர எழுதிட்டு வந்திருக்கேன்" என்றாள் சின்னவள்.

அடித்தாள் பாருங்கள் அந்த இரும்பு. தோளில், விலாவில், கழுத்தில். சின்னவள் திருப்பி அடிக்கவே இல்லை. முதுகை வளைத்து, காலை அகட்டி, பீரோ சுமக்கிறவள் மாதிரி நின்றாள். ஒரு கால் மேடையை விட்டு வெளியே போனது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கால் திரும்பி வந்தது.

விசில். அந்த நடுவர் ஊதினால் மூச்சு முட்டுகிறவரை ஊதுவார். தடியைத் தாழ்த்தினாள் இரும்பு. சிவப்பு விளக்குப் பக்கம் திரும்பினாள். கையை மடக்கினாள். விசில் இன்னும் அவர் வாயில் கத்திக்கொண்டிருந்தது. சின்னவள் இடுப்பைச் சேர்த்து ஒரு வீசு வீசினாள். இடுப்பில்தான் அடித்தாள், காலில் அடிக்கவில்லை. அவள் அம்மா குணம் அது.

மடக்கிய கையோடு இரும்பு குப்புற விழுந்தாள். கைதட்டச் சொல்கிறவன் கையைத் தூக்க மறந்து வாயைப் பிளந்தான். நடுவர் கண்ணாடிக்காரனைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

"விசில் சத்தம் அடங்கல. உங்க ரூல்தான?"

எனக்குப் பின்னால் எவனோ "ரூல், ரூல்" என்றான். பிறகு அரங்கம் முழுக்கச் சொன்னது. எல்லாரும் டிவியில் கேட்டவர்கள்தானே. நடுவர் சின்னவள் கையைத் தூக்கினார்.

வெளியே வரும் வழியில் மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு இரும்பு உட்கார்ந்திருந்தாள்.

"விசில் ஊதிட்டாங்க, பெரியவரே."

"எம் பொண்ணுக்கும் ஊதினாங்க."

தலை குனிந்தாள். "அன்னைக்கு அவ ஜெயிச்சிருந்தா என் வேலை போயிருக்கும்."

"அவ வேலை போச்சு" என்றேன். பாவம் என்று தோன்றுகிறதா என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். தோன்றவில்லை. நடந்தேன்.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் ஆளை அவர்களே கேலிப்பொருள் ஆக்குவார்களா? பெரியவள் சொன்னாள், "அந்தக் கண்ணாடிக்காரனுக்கு யாரு விழுந்தா என்னப்பா? விழுந்தா சரி."

அடுத்த வாரம் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பாட்டு வந்தது. முதல் படத்தில் மடக்கிய கையோடு ஒருத்தி காற்றில் போனாள்.

டொய்ங்.

பெரியவள் சிரிக்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கடைசிவரை கூட்டினாள்.

"ஜன்னலத் திறந்து வைங்கப்பா" என்றாள்.

திறந்தேன்.