ஏறிடுச்சு

ஏறிடுச்சு என்று சொன்னது நான்தான், வேறு யாருமில்லை, இந்த வாயால்தான் சொன்னேன், தங்கச்சி ஒரு காலில் செருப்போடும் இன்னொரு காலில் செருப்பில்லாமலும் வாசலில் நின்றுகொண்டு ஏறிடுச்சாக்கா என்று கேட்டாள், திரையில் பச்சைக் கோடு கடைசிவரை ஓடி, நூறு காட்டி, மறைந்தும் போயிருந்தது, அப்படியிருக்க ஏறிடுச்சு என்று சொன்னதில் என்ன தப்பு... பென்டிரைவைப் பிடுங்கி அவள் கையில் வைத்தேன், அவள் அதைக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டு மூடிக்கொண்டு, வரேம்மா என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு ஓடினாள். கோடு நூறைத் தொட்டது உண்மை. ஆனால் அந்தக் கோட்டை நம்பக் கூடாது என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். என் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் அப்படித்தான், ஃபைலை முதலில் தன் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு ஆச்சு என்று சொல்லிவிடும், அப்புறம் சாவகாசமாக பென்டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும், மலிவான பென்டிரைவ் என்றால் இன்னும் சாவகாசம், அதனால்தான் அன்மவுன்ட் கொடுத்துவிட்டு, இனி எடுக்கலாம் என்று அது சொல்லும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன், பல்லைப் பிடுங்கற மாதிரி பிடுங்காதீங்க சார் என்று எனக்குப் பக்க வடிவமைப்பு வேலை கொடுக்கும் பதிப்பகத்துக்காரரிடம் எத்தனை முறை சண்டை. லினக்ஸின் சின்னம் பெங்குயின் என்று ஒருநாள் தங்கச்சியிடம் சொல்லித் தொலைத்தேன், அன்றிலிருந்து நான் இப்படிக் காத்துக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நின்று, என்னக்கா, உன் பெங்குயின் முட்டை போட்டு முடிச்சிடுச்சா என்பாள். இன்றைக்கு அவள் கேலி செய்யவில்லை, கேட்டாள், நான் சொன்னேன்.

அவசரம், அதுதான் காரணம், பேருந்து போய்விடும் என்ற அவசரம், போதாததற்கு அம்மா வேறு கூப்பிட்டாள், அந்தப் பதற்றத்தில் கை தானாகப் பிடுங்கிவிட்டது... இல்லையே, அம்மா கூப்பிட்டது எப்போது? வரேம்மா என்று இவள் கத்திய சத்தத்தில்தானே அம்மா விழித்துக்கொண்டாள், அதற்கப்புறம்தானே பெரியவளே என்று கூப்பிட்டாள்? அப்படியென்றால் பிடுங்கும்போது யாரும் கூப்பிடவில்லை. பென்டிரைவின் முனையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு நீல விளக்கு, எழுதும்போது துடிக்கும், எழுதி முடித்தால் நின்றுவிடும், அது துடித்துக்கொண்டிருந்தது. பார்த்தேனா? பார்க்காமல் எப்படி, என் கண் முதலில் போவதே அங்கேதான். பார்த்துக்கொண்டேதான் பிடுங்கியிருக்கிறேன். சரி, பார்த்தேன், ஆனால் பார்ப்பது வேறு, மனதில் வாங்கிக்கொள்வது வேறு... இந்தச் சப்பைக்கட்டை யாரிடம் கட்டுகிறேன், வீட்டில் நானும் அம்மாவும்தான், அம்மாவுக்கு பென்டிரைவுக்கும் தெர்மாமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாது.

அவள் போனதும் செய்த முதல் காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். கறுப்புத் திரையைத் திறந்து கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று பார்த்தேன், வரிசையாகச் சிவப்பு வரிகள், எழுத முடியவில்லை, எழுத முடியவில்லை, தொலைந்தது, தொலைந்தது. அவள் அப்போது தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், போனும் மேசையில்தான் இருந்தது, கையில் எடுத்தேன், பெயரைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன், அப்போது அம்மாவை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைக்கும் நேரமாகிவிட்டது, ஒரே பக்கம் படுத்தால் முதுகு புண்ணாகிவிடும், அதனால் போனை வைத்துவிட்டுப் போய்த் திருப்பினேன், இடுப்புக்குக் கீழே தலையணை கொடுத்தேன், விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டேன், வாயைத் துடைத்தேன், துடைத்த துணியை அலசினேன், அலசிய துணியை மறுபடி அலசினேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வார்த்தைகள் எல்லாம் போனபின் மிஞ்சியது கொஞ்சம்தான், அதில் சின்னவ எங்க என்பது ஒன்று. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், சின்னவ எங்க என்பாள். பெரியவ எங்க என்று கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை, நான் எங்கே போனேன். மாமா, சித்தி, பக்கத்து வீட்டு நர்ஸ், யார் வந்தாலும் ஒரே பேச்சு, பெரியவ இருக்கா, பாத்துப்பா. இன்றைய நேர்காணலில் வேலை கிடைத்தால் விமானம் ஏறித்தான் போக வேண்டும், அவ்வளவு தூரம், அம்மாவுக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாம்க்கா, நான் அடிக்கடி வந்துடுவேன் என்றாள் தங்கச்சி, அவள் கண்ணில் பொய் இல்லை, வரத்தான் நினைக்கிறாள். ஆனால் அப்படிப் போனவர்களில் யார் திரும்பி வந்திருக்கிறார்கள்... முதலில் போன் வரும், பிறகு விசேஷத்துக்கு மட்டும் போன் வரும், நான் இந்தக் கட்டிலுக்கும் அந்த மேசைக்கும் நடுவில் நடந்து நடந்து ஒருநாள் அம்மா போய்விடுவாள், அப்போது நான் என்ன செய்வேன், யாரைத் திருப்பிப் படுக்க வைப்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்படி நினைக்க. அவள் தொகுத்த படத்தைப் பார்த்து அழுதவள் நான், கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் பெண்ணுக்குள் இப்படி ஒருத்தி இருந்தாளா என்று வாயடைத்துப் போனவள். அத்தனையும் அந்த ஒரு ஃபைலில் இருக்கிறது, நெட்டில் அனுப்ப முடியாத கனம், கையில் கொண்டு வாருங்கள் என்றார்கள். இப்போது நேர்காணல் நடக்கும் ஹோட்டல் ஹாலில் அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

போன் அடித்தது. எடுக்கத்தானே வேண்டும், எடுத்தேன். அக்கா, என்றாள், குரலைத் தாழ்த்தி, யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி, அக்கா, ஃபைல் பேரு தெரியுது, திறக்க மாட்டேங்குது, வேற மெஷின்லயும் போட்டுப் பாத்துட்டாங்க, பென்டிரைவ்தான் பழசு, அது கழுத்தறுத்துடுச்சு போல. என்மேல் ஒரு சந்தேகம்கூட இல்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும், என்னத்தக் கிழிச்ச நீ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் பாட்டுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் திட்டவில்லை. நல்ல மனுஷங்கக்கா, கடைசியா கூப்பிடறோம்னு சொல்லிட்டாங்க, நான் இங்கிருந்து நகர முடியாது, நீ இன்னொண்ணுல போட்டு ஒரு டாக்ஸியில குடுத்து அனுப்பிடு, ஒரிஜினல் வீட்டுல இருக்குல்ல? இருந்தது. என் முகத்துக்கு நேரே, திரையின் நடுவில், அவள் வைத்த பெயரோடு, முழுசாக. மேசை இழுப்பறையில் பென்டிரைவுக்கா பஞ்சம், நல்லதாகவே ஒன்று இருக்கிறது. இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

பாக்கணும், என்றேன்.

பாருக்கா, என்றாள், சீக்கிரம் பாத்துச் சொல்லுக்கா, நீ பாத்தா கிடைச்சிடும், வைத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மவுஸ்மேல் கை, ஃபைல்மேல் அம்பு, இழுத்துப் போட எவ்வளவு நேரம், இன்னும் நேரமிருக்கிறது, இப்போது டாக்ஸியில் கொடுத்தால்கூடப் போய்ச் சேர்ந்துவிடும்... பேச்சுச் சத்தம் கேட்டு அம்மா கட்டிலில் அசைந்தாள், சின்னவ எங்க என்றாள். எங்க போகப் போறா, வந்துடுவாம்மா, என்றேன். எல்லோரும் சொல்கிற சாதாரணப் பதில், தினமும் நான் சொல்கிற அதே பதில், ஆனால் இன்றைக்கு என் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டு நானே திரும்பிப் பார்த்தேன், அம்மா சிரித்தாள், என் கை இன்னும் மவுஸ்மேல்தான் இருந்தது.