சலூன் வீட்டில் என் பின்னல்

மேல்படிப்புக்காக வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று, அத்தனை அவசரத்திலும் அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தலை பின்னிவிட்டாள்.

"இறுக்காதம்மா, வலிக்குது!"

"பிளேன்ல அவிழ்ந்துடும்டி. சும்மா கிட."

போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பின்னலை நான் அவிழ்க்கவே இல்லை. தலை அரித்தது, பொறுத்துக்கொண்டேன். அவிழ்த்தால் மறுபடி போட ஆளில்லையே. எனக்குப் பின்னத் தெரியாது. சிரிக்காதீர்கள், கல்லூரி முடிக்கிற வரை என் தலை அம்மா கையில்தான் இருந்தது.

வெளிநாட்டு மாணவர்களை அங்கே குடும்பங்களோடு தங்க வைப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சலூன்காரர் வீடு. முன்னறையில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை, அதற்குப் பின்னால் சமையலறை, மாடியில் என் அறை. கடை நடத்துவது வீட்டுக்கார அம்மா. அவர் கணவர் பஸ் ஓட்டுகிறவர். எட்டு வயதில் ஒரு பெண், சரியான வாண்டு. அவர்கள் பேசியது அவர்கள் பாஷையில்தான், நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

அந்த அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "அக்கா" என்றேன். அது ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்து, மறுநாள் அவர் கணவரும் "அக்கா, காபி இருக்கா?" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஐயையோ, நீங்க அப்படிக் கூப்பிடக் கூடாது!" என்று பதறி அர்த்தத்தைச் சொன்னேன்.

"அதனால என்ன? எப்படியும் இந்த வீட்டுல பெரியவ அவதானே" என்றார் டிரைவர். கடைசி வரை மாற்றிக்கொள்ளவில்லை.

நல்ல மனிதர்கள். ஆனால் தள்ளி நின்று கையசைக்கிற மனிதர்கள். யாரும் யார் தோளிலும் கை போட மாட்டார்கள். ஒரே ஒரு விதிவிலக்கு. காலையில் கடை திறக்கும் முன் அக்கா வாண்டுவைச் சுழல் நாற்காலியில் ஏற்றித் தலை வாருவார். நான் காலேஜுக்குக் கிளம்பி, ஷூ கட்டுகிற சாக்கில் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அதைப் பார்ப்பேன்.

"அம்மா, வலிக்குது, விடு!" என்று அது துள்ளும்.

அடிப்பாவி, இந்த வலிக்கு நான் ஏங்கிக் கிடக்கிறேன், உனக்குக் கசக்குதா என்று மனசுக்குள் திட்டுவேன்.

ஒரு வழியாக அம்மாவின் பின்னலை அவிழ்த்தாகிவிட்டது. அதன் பிறகு ஒரு ரப்பர் பேண்டுதான். சிக்கு விழுந்து, தலை தேங்காய் நார் மாதிரி ஆனது. கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குளியலறையில் தண்ணீர் போகாமல் தேங்கியது. டிரைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கம்பியை விட்டு இழுத்தார்.

"உள்ள ஏதோ பூனை மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்" என்றார். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம் மறுபடி அடைத்துக்கொண்டபோது அவர் சிரிக்காமல் கம்பியை எடுத்தார். வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லிவிடுவார்களோ? முடியை வெட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டினார்.

"எது வரைக்கும் வெட்டணும்?"

தோள்பட்டையைக் காட்டினேன்.

"அம்மாகிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"கண்ணு ஏன் கலங்குது?"

"ஷாம்பு பட்டிருக்கும்."

"இன்னும் தலையே நனைக்கலையேம்மா!"

வெட்டுவதற்கு முன் சிக்கெடுக்க வேண்டுமே. ஒரு கையால் முடியை இறுகப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து வாரினார். கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, அவர் உள்ளங்கை என் உச்சந்தலையில் சூடாக உட்கார்ந்தது. இன்னொருவர் கை என் மேல் பட்டு எத்தனை மாதம் ஆகியிருந்ததோ. அவர் சீப்பை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்ததும் எனக்கு என்னவோ ஆனது.

"அக்கா... வெட்ட வேணாம். இப்படியே வாரி மட்டும் விடறீங்களா?"

கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். கத்தரி இழுப்பறைக்குள் போனது.

"இதை முதல்லயே கேக்கறதுக்கென்ன? வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

மறுநாள் காலை வாண்டு நாற்காலியிலிருந்து குதித்ததும் அக்கா என் பக்கம் திரும்பி நாற்காலியைத் தட்டினார். "அடுத்து!"

"அக்கா, ரெண்டாவது பொண்ணு முடிஞ்சதும் எனக்கும் வாரி விடு" என்றார் டிரைவர், வழுக்கையைத் தடவியபடி. அன்று மாலை குளியலறை ஓட்டையில் முடியைத் தடுக்க ஒரு சின்ன வலைமூடி வந்து உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் வழக்கம்போல் கேட்டாள். "தலை வாரினியாடி?"

"அக்கா பின்னி விட்டாங்கம்மா."

"வகிடு நேரா எடுத்தாங்களா?"

"கோணல்தான். பின்னலும் லூசு, பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள அவிழ்ந்துடுது."

"லூசாவே போடட்டும். நான்தான் உன்னை ரொம்ப இறுக்கி அழ வச்சுட்டேன்."

"அப்படியெல்லாம் இல்லம்மா. வந்ததும் முதல்ல உன் முன்னாடிதான் வந்து உக்காருவேன்."

"உக்காந்துட்டு, வலிக்குதுன்னு கத்துவ."

"கத்துவேன்தான்."

"கத்துடி" என்றாள் அம்மா. "வந்து கத்து."