ரெண்டு தோளும் பட்டாத்தான் குஸ்தி

நான் ஒண்ணு கேக்குதேன். ரெண்டு பேரு கட்டிப் புரளுதாங்க. ஒருத்தன் தோளு ரெண்டும் மண்ணுல படுது. சண்டை முடிஞ்சுதா, இல்லையா? முடிஞ்சுது. அதுக்குப் பேருதான் குஸ்தி. போன வாரம் நம்ம கோவில்பட்டி பொருட்காட்சித் திடல்ல மாயகிருஷ்ணன்னு ஒருத்தன் கொட்டகை போட்டு நடத்தினானே, அதை என்ன பேரு சொல்லிக் கூப்பிடன்னு எனக்கு இன்னும் தெரியலை. நோட்டீசுல மட்டும் 'மாபெரும் குஸ்தி'ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான். அதை எழுதினவன் என் கையில கிடைச்சா நறுக்குன்னு நாலு வார்த்தை கேப்பேன்.

பொம்பளைக்குக் குஸ்தியைப் பத்தி என்ன தெரியும்னு யாரும் சிரிக்க வேண்டாம். நான் தெரசம்மாள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இட்லிக்கடை வச்சிருக்கேன். எங்கப்பா கயத்தாறுல லாரிக்குப் பாரம் ஏத்துனவரு. அவருக்கு ஆம்பளைப் பிள்ளை கிடையாது. எங்க கோதா நடந்தாலும் என்னைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டுப் போயிருவாரு. சூசை பயில்வானும் தென்காசி இபுராகிம் பயில்வானும் மோதுனதை அங்கன இருந்துதான் பார்த்தேன். நம்ம கரிசல் மண்ணு குஸ்திக்கு ஆகாது. காஞ்சா வெடிச்சுப் போகும், நனைஞ்சா காலை விடாது. அதனால மலையடிவாரத்துல இருந்து செம்மண்ணை வண்டி வண்டியாக் கொண்டாந்து, சலிச்சு, நல்லெண்ணெயும் மோரும் ஊத்திப் பிசைஞ்சு கோதா போடுவாங்க. ஒரு பொடிக்கல்லு கிடந்துறக் கூடாதுன்னு விரலை விட்டுத் துழாவுவாங்க. சூசையும் இபுராகிமும் மத்தியானம் பிடிச்ச பிடியைக் கோயில்ல சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் விடலை. ரொம்ப நேரம் ரெண்டு பேரும் அசையக்கூட இல்லை. கூட்டத்துல ஒரு பயலும் எந்திரிச்சுப் போகலையே. கடைசியில ரெண்டு பேரும் சமம்னு கைகோத்து விட்டாங்க. வீடு வந்து சேருற வரைக்கும் எங்கப்பா யாரு கை ஓங்குச்சுன்னு தனக்குத்தானே வாதாடிக்கிட்டு வந்தாரு.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் கோதாவுலதான். நாகலாபுரம் திருவிழாவுல ஒரு பையன் தன்னைவிட ஒண்ணரை மடங்கு ஆளை மல்லாத்துனதைப் பார்த்துட்டு, எங்கப்பா நேரா அவங்க வீட்டுக்குப் போய்ப் பேசி முடிச்சுட்டாரு. எங்க வீட்டுக்காரரைத்தான் சொல்லுதேன். பார்க்கச் சாதாரணக் கைதான். பிடிச்சா விடாது. அப்புறம் கோதாவெல்லாம் நின்னு போச்சு, வருசா வருசம் வானம் ஏமாத்தி மிளகாயும் கருகிப் போச்சு. அவிய பிழைப்புத் தேடி இந்த மாயகிருஷ்ணன் கம்பெனியில போய்ச் சேர்ந்தாவ. ஊருல எல்லாருகிட்டயும் மெட்ராஸ் துறைமுகத்துல வேலைன்னு சொல்லி வச்சிருந்தோம். வெளிய சொல்லுத மாதிரி வேலையா அது? கறுப்புத் துணியில முகமூடி மாட்டிக்கிட்டு, ஊரூராப் போய் அக்கிரமம் பண்ணி, கடைசியில உதைபட்டுத் தோக்கணும். நோட்டீசுல அவிய பேரு 'கறுப்பு முகமூடி'. அடுத்தவனை மல்லாத்துன ஆளைத் தினம் மல்லாந்து கிடக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்திருக்கான் பாவி.

அந்தக் கம்பெனி கடைசியில எங்க ஊருக்கே வந்துட்டுது. அவிய வீட்டுக்கு வரலை. முகமூடிக்குள்ள யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சுரக் கூடாதுன்னு கொட்டகைக்குள்ளயே கிடந்தாவ. நான் டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போய், பொம்பளைங்களுக்குன்னு கயிறு கட்டி விட்ட இடத்துல உக்காந்து பார்த்தேன். முதல் நாளே எனக்கு ரத்தம் கொதிச்சுது. மண்ணே கிடையாது. பலகை அடிச்சு மேல தார்ப்பாயை விரிச்சிருக்கான். ராக்கெட் விடுத எண்பத்திரண்டாம் வருசத்துல நாலு வண்டி செம்மண்ணுக்கு வழியில்லையாம். டைகர் சுந்தரபாண்டின்னு ஒருத்தன், அவன்தான் நல்லவன், தினம் ஜெயிக்கிறவன். கையை ஓங்கும்போதே பலகையில காலைத் தொம்முன்னு மிதிக்கான். சத்தம் காலுல இருந்து வருது. சனம் அதைக் கன்னத்துல விழுந்த அடின்னு நினைச்சு உச்சுக் கொட்டுது. அவன் கழுத்தைப் பிடிக்கும்போது பாருங்க, கட்டைவிரல் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. அந்தப் பிடியில கோழிக்குஞ்சு கூட நிக்காது. எங்க வீட்டுக்காரர் அதுல மாட்டிக்கிட்டு மூச்சு முட்டுத மாதிரிக் காலை உதைச்சுக்கிட்டுக் கிடக்காவ. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மறுநாள் அதைவிட மோசம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊரு எதைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுதோ, அதை முகமூடி அவமானப்படுத்தணும்னு மாயகிருஷ்ணன் ஒரு முறை வச்சிருக்கான். அப்பத்தான் சனம் முகமூடி உதைபடுததைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வருமாம். எங்க ஊருல என்ன இருக்கு? ஹாக்கி. பால்குடி மறக்காத பிள்ளை கூடக் கம்பைத் தூக்கிக்கிட்டு அலையுத ஊரு இது. ஒரு ஹாக்கிக் கம்பை அவிய கையில கொடுத்து, முழங்கால்ல வச்சு ஒடிக்கச் சொல்லிருக்கான். அவியளும் ஒடிச்சாவ. திடல்ல இருந்து ஒரேயடியாச் செருப்பு வந்து விழுந்துச்சு.

அடுத்த நாள் காலையில கடையில எனக்கு இருப்புக் கொள்ளலை. பக்கத்துல சைக்கிள் கடை வச்சிருக்கிற கமால் பாய், ஹாக்கின்னா உசிரை விடுத ஆளு. விளையாடி ஒரு முட்டியே பெயர்ந்து போச்சு அவருக்கு. இட்லியைப் பிட்டுக் கையில வச்சுக்கிட்டே பேசுதாரு. அந்த முகமூடிப் பய மூஞ்சி மட்டும் தெரியட்டும், அவனும் அவன் குடும்பமும் இந்த ஊருப் பக்கமே தலை வைக்க முடியாமப் பண்ணிருதேன்னாரு. சுத்தி உக்காந்திருந்தவங்க எல்லாரும் தலையை ஆட்டுதாங்க. அவரு சுபாவத்துல நல்ல மனுசன். போன வருசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள்ல வச்சுத் தள்ளிக்கிட்டுப் போனவரு. அவரு தட்டுல இன்னொரு கரண்டி சட்னி ஊத்திட்டு அடுப்புப் பக்கம் திரும்பிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஜட்கா வண்டியில ஒலிபெருக்கியைக் கட்டிக்கிட்டுத் தெருத்தெருவா வந்தாங்க. ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டமாம். டைகர் சுந்தரபாண்டி கறுப்பு முகமூடியைக் கிழிச்சு எறிவாராம். உள்ள இருக்கிறவன் இதே ஊர்க்காரனாம், காணத் தவறாதீங்களாம். நான் இந்த ஊரை நம்பிக் கடை வச்சிருக்கேன். எம்மக ஸ்டெல்லாமேரி இங்கன பத்தாவது படிக்கா. அந்தத் துணி கிழிஞ்சுதுன்னா நாங்க மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அடுப்பை அணைச்சுட்டு நேரா கொட்டகைக்குப் போனேன். மாயகிருஷ்ணன் நாற்காலியில சாஞ்சு கலர் குடிச்சுக்கிட்டு இருந்தான். எங்க வீட்டுக்காரர் ஒரு மூலையில உக்காந்து முகமூடிக்கு நாடா கோத்துக்கிட்டு இருந்தாவ. என்னைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ. ஏன்யா இப்படிப் பண்ணுதன்னு மாயகிருஷ்ணன்கிட்ட கேட்டேன். கோவப்படாதம்மா, இது வியாபாரம், உள்ளூர்க்காரன்னாத்தான் திடல் நிறையும்னான். முகமூடிக்கு அடுத்த ஊருல வேற ஆளு பார்த்தாச்சாம், உன் புருசனை இங்கனயே விட்டுட்டுப் போறேன், சந்தோசமா வச்சுக்கோன்னு சிரிச்சான். பார்த்தியளா அநியாயத்தை? ஊரு முழுக்கப் பகையைச் சம்பாதிச்சுக் கொடுத்துட்டு, ஆளை அந்த ஊருலயே இறக்கி விட்டுட்டுப் போறானாம்.

நான் எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். நீங்க ஒரு பயில்வான்தானே, சுந்தரபாண்டி கை முகத்துக்கு வந்தாப் பிடிக்கத் தெரியாதான்னு கேட்டேன்.

"சொன்ன எடத்துல விழுததுதான் என் வேலை, தெரசா. வேற என்ன செய்யச் சொல்லுத?"

எனக்கு வந்த ஆத்திரத்துல அழுகையே வந்துட்டுது. எங்கப்பா ஒரு குஸ்திக்காரனுக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தாரு, விழுதவனுக்கு இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திடல்ல எள்ளு விழ எடமில்லை. கமால் பாய் முன் வரிசையில பெஞ்சு மேல ஏறி நிக்காரு. ஆட்டம் வழக்கம்போலத்தான். சுந்தரபாண்டி பலகையை மிதிச்சான், அவிய விழுந்தாவ. திரும்ப மிதிச்சான், திரும்ப விழுந்தாவ. கடைசியில அவன் அவிய நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கிட்டு, கிழிக்கவா வேண்டாமான்னு கையை ஆட்டிக் கூட்டத்தைக் கேட்டான். கிழி கிழின்னு திடலே அதிருது. என் கையில ஜெபமாலை இருந்துச்சு. மாதாகிட்ட என்ன கேட்டேன்னு எனக்கே தெரியலை.

சுந்தரபாண்டி விரலு அவிய தாடைக்குக் கீழ நுழைஞ்சுது. அப்பத்தான் அவிய அவன் மணிக்கட்டைப் பிடிச்சாவ. நான் கண்ணால பார்த்தேன், கட்டைவிரல் உள்ள மடங்கியிருந்துச்சு. அது கம்பெனியில சொல்லிக் கொடுத்த பிடி கிடையாது. சுந்தரபாண்டி மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. அவிய இடுப்பை எக்கிச் சின்னதா ஒரு திருப்பு திருப்பினாவ. மேல இருந்தவன் கீழ வந்துட்டான். வலது தோளு பலகையில பட்டுட்டுது. இடது தோளு மட்டும் ரெண்டு விரக்கடை மேல நிக்குது, அவன் உசிரைக் கொடுத்துத் தூக்குதான்.

அப்படியே ரெண்டு பேரும் நின்னு போனாங்க. மிதிக்கிற சத்தம் கிடையாது, தாவல் கிடையாது. சனத்துக்கு ஒரு இழவும் விளங்கலை. ஆட்டத்தை நடத்து, காசைத் திருப்பிக் கொடுன்னு பின்னால விசிலடிக்கான். அட மூதேவிகளா, இப்பத்தானடா குஸ்தி நடக்குது, இப்பப் பார்க்காம எப்பப் பார்ப்பீங்கன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துட்டுது. எத்தனை வருசம் கழிச்சுப் பார்க்கேன்! உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நான் எந்திரிச்சேன், கயித்தைத் தாண்டினேன், பலகை ஓரத்துக்கே போயிட்டேன். அவிய வலது முட்டி கொஞ்சம் பின்னால கிடந்துச்சு. அதை முன்னால இழுத்துப் போட்டா அந்த இடது தோளு விழுந்துரும். மேல இருந்து அமுக்குத ஆளுக்கு அது தெரியலை, பார்க்கிற எனக்குத் தெரியுது. எப்படிச் சும்மா இருக்க முடியும், சொல்லுங்க?

"மிக்கேலு, முட்டியை முன்னால போடு!"

கல்யாணமான நாளுல இருந்து அவிய பேரை நான் வாயால சொன்னது கிடையாது. ஸ்டெல்லா அப்பான்னுதான் கூப்பிடுவேன். கோயில்ல பூசைக்குப் பேரு கேட்டாக்கூட மகளைச் சொல்லச் சொல்லுவேன். அன்னைக்கு அத்தனை சனத்துக்கு நடுவுல, எங்கப்பா தொண்டையில, அதுவும் 'போடு'ன்னு சொல்லிட்டேன்.

முட்டி முன்னால வந்துச்சு. இடது தோளும் பட்டுது. ரெண்டு தோளும் பட்டுட்டுது! நடுவன் எண்ணணுமா வேண்டாமா? அவன் மாயகிருஷ்ணன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நிக்கான். சுந்தரபாண்டி விட்டுரும்யா விட்டுரும்யான்னு பலகையில தட்டுதான். அதுக்குள்ள முன் வரிசையில இருந்து பேச்சு பரவிட்டுது, மிக்கேல்ராஜா, தெரசக்கா வீட்டுக்காரரா, மெட்ராஸ்ல இருக்காருன்னாளேன்னு. அவிய சுந்தரபாண்டியை விட்டுட்டு எந்திரிச்சாவ. என்னை ஒரு பார்வை பார்த்தாவ. அப்புறம் நாடாவை அவுத்து, முகமூடியை அவியளே கழத்திக் கீழ போட்டாவ. முதல் செருப்பு கமால் பாயோடது. அது அவிய நெஞ்சுல பட்டுது, அவிய விலகவே இல்லை.

அந்த மாயகிருஷ்ணன் மைக்கைப் பிடிச்சு என்ன சொன்னான் தெரியுமா? முகமூடி கழண்டுட்டதால டைகர் சுந்தரபாண்டிக்கு வெற்றியாம். மல்லாந்து கிடந்தவன் கழுத்துல மாலையைப் போட்டாங்க. எனக்கு இதை நினைச்சா இப்பவும் நெஞ்சு எரியுது.

மறுநாள் வழக்கம்போல அடுப்பைப் பத்த வச்சேன். ஒருத்தரும் வரலை. வெயில் ஏறின பிறகு கமால் பாய் வந்து வாசல்ல நின்னாரு, உக்காரலை. உள்ள மாவாட்டிக்கிட்டு இருந்த எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, கம்பை ஏன் ஒடிச்சீங்க அண்ணாச்சின்னு கேட்டாரு. ஒடிக்கச் சொன்னான், ஒடிச்சேன்னாவ இவிய.

"நேத்து விழச் சொன்னானா, இல்லையா? அதை மட்டும் ஏன் கேக்கலை?"ன்னாரு பாய்.

இவிய திரும்ப மாவாட்ட ஆரம்பிச்சாவ. கமால் பாய் ஒண்ணும் சாப்பிடாமத் தன் கடைக்குப் போயிட்டாரு. திரும்ப வருவாரா, இனிமே வரவே மாட்டாரான்னு தெரியலை.

மிஞ்சின இட்லியை உதுத்துத் தாளிச்சு நாங்க மூணு பேரும் சாப்பிட்டோம். நான் அந்த நடுவனையும் மாலை போட்டவனையும் வஞ்சு தீர்த்துக்கிட்டே பரிமாறினேன். இவிய தட்டை வழிச்சுச் சாப்பிட்டாவ. மக கை கழுவப் போன பிறகு மெதுவா வாயைத் திறந்தாவ.

"நேத்து பேரு சொல்லிக் கூப்பிட்டியே. இன்னொரு தரம் கூப்பிடேன்."

"இன்னொரு தரம் அப்படி ஒருத்தனை மல்லாத்துங்க, கூப்பிடுதேன்."