பெருகாத வெளிச்சம்

பத்தொன்பதாவது படலமும் கைவிரித்துவிட்டது. அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் தொழிற்சாலைப் பொறியாளர் வந்துவிடுவார்.

கண்ணாடிச் சில்லின் மேல் தலைமுடியைவிட மெல்லியதாகப் பூசிய, சாயம் கலந்த பிளாஸ்டிக். தன்னுள் ஓடும் வெளிச்சத்தை அது பெருக்குகிறது என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆய்விதழில் அச்சேற்றியிருந்தார்கள். அதை நம்பித்தான் பொறியாளர் சின்ன லேசர் செய்ய வருகிறார். புதிதாக வாங்கிய லேசரை அடித்துப் பார்த்தால் அந்தப் பெருக்கம் பெயருக்குக்கூட இல்லை.

செய்முறை என்னவோ எளிதுதான். பச்சை லேசரைப் படலத்தின் மேல் கோடாக விழவைத்து, ஒரு தகட்டை நகர்த்தி நகர்த்திக் கோட்டை நீட்ட வேண்டும். கோடு இரட்டித்தால், விளிம்பில் வரும் வெளிச்சம் இரண்டு மடங்குக்கும் மேலே எகிற வேண்டும்.

வேறு வழி தெரியாமல், முன்பு பெருக்கம் காட்டிய பழைய மேசையின் லேசரைக் கேமராவில் பிடித்துப் பார்த்தாள். கோட்டின் இடது ஓரம் மங்கல். நடுவில் பளீரென்று இருந்தது. நீட்ட நீட்டப் பிரகாசமான பகுதி சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கோட்டைத் துண்டு துண்டாக அளந்து கூட்டினாள். முழுக்கோட்டின் வெளிச்சமும் அதே கணக்கில் வந்து நின்றது. படலம் இம்மியும் பெருக்கவில்லை.

"கண்ணைப் பொடனியிலயா வச்சுக்கிட்டு அளந்த?" என்று தம்பியிடம் சீறினாள்.

"போன வாரமே தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்த?"

அவன் பதிவேட்டைப் பிரித்து நீட்டினான். 'தகட்டை இடது ஓரத்திலிருந்து நகர்த்தத் தொடங்கவும். யாரும் மாற்றக் கூடாது.' அடியில் இரண்டு கோடு. அவள் எழுத்து.

மங்கலில் தொடங்கிப் பளீரை நோக்கிக் கோட்டை நீட்டவைத்தது அக்காவேதான்.

"அந்த விதியை நான் வச்சேன்னு சொல்லிடறேன்," என்றான். "எனக்கு இன்னும் வயசு கிடக்கு. உனக்கு நாலு மாசத்துல ஓய்வு. இல்ல, பழைய மேசையிலயே காட்டிடுவோம். அவருக்கு என்ன தெரியப்போகுது? இன்னைக்கு ஒரு நாள்க்கா."

வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவள் கை பழைய லேசரின் விசை வரை போனது. இருபத்தெட்டு வருடப் பெயர். விசையைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"என் தப்பைத் தம்பி தலையில கட்டித் தப்பிக்கிற வீடாடா நம்ம வீடு?"

"வீட்டைப் பாத்தா நீ தெருவுலதான் நிப்ப."

"நிக்கிறேன்."

கதவு திறந்தது. பொறியாளர் வாசலிலேயே பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆர்வமாக வந்தார். "எந்தப் படலம்மா? காட்டுங்க."

"சார், நான்தான் தப்பா..." என்று தம்பி முந்தினான்.

"நீ சும்மா இருடா." பதிவேட்டையும் கூட்டிய கணக்கையும் அவர் கையில் வைத்தாள். "பெருக்கம் இல்லைங்க. இருக்கிற மாதிரி காட்டினது இந்த வரிதான்."

அவர் இருமுறை படித்தார். "இதை யார் எழுதினது?"

"நான்."

அவர் பதிவேட்டை மூடி அவளிடமே நீட்டினார். மாட்டிய கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.