ரயிலடியில் பேசிக்கொள்ளலாம்

சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து அக்கா சுபாஜினி வந்து இறங்கியது முதல் ரஜீவ் ஒரே ஒரு வாக்கியத்தை வாயில் அடக்கிக்கொண்டு திரிந்தான். அம்மாவை உன்னோடு கூட்டிக்கொண்டு போ. அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கலாம். அக்கா பின்கட்டில் துணி காயப்போட்டபோது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும், ரயிலடியில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான். இப்போது திங்கட்கிழமை மத்தியானம். ரஜீவ் ஓட்டிய கார் ஈப்போ ஸ்டேஷனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் அக்கா. பின்னால் அம்மா, மடியில் ஒரு துணிப்பையோடு. வழியனுப்ப நானும் வருவேன் என்று காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பையில் என்ன என்று வீட்டில் கேட்டதற்கு, அக்காவுக்குக் கொஞ்சம் பலகாரம் என்றாள்.

ரஜீவுக்கு வயது நாற்பத்தாறு. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவன். மெங்லெம்புப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. கல்யாணம் இல்லை. பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில், அவனும் அம்மா அம்பிகையும் மட்டும். போன வருடம் அம்மா குளியலறையில் விழுந்து விடியும்வரை தரையிலேயே கிடந்தாள். இந்த வருடம் இன்னொரு தடவை. வேலைக்குப் போகும்போது வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போவான். காலையில் அந்தப் பூட்டைத் திறக்குமுன், உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கதவில் காது வைத்துக் கேட்பான். அம்மாமேல் அவனுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் வேறெங்காவது இருந்தால் தேவலை என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டும் உண்மை.

கடினமான பேச்சை ரயிலடிக்கு ஒத்திவைப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். தொடங்கிவைத்தவர் அப்பா இராசையா. அதே ஈப்போ ஸ்டேஷனில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கென்று வந்தவரின் மகன். அவர் வீட்டில் அதட்டிப் பேசியதே இல்லை, பேசியதே குறைவு. அந்தக் காலத்து ரயில் ஈப்போவில் ஆறஅமர நிற்கும். பார்சல் இறக்குவார்கள், ஆள் மாறுவார்கள். சில்லறைக்கு ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினால் வழியனுப்ப வந்தவர்கள் பெட்டிக்குள்ளேயே ஏறி, பையை மேலே தூக்கி வைத்து, கால்நீட்டி உட்கார்ந்து பேசிவிட்டு இறங்கலாம். அப்பா இறங்கி ஜன்னலுக்கு வெளியே நிற்பார். தண்ணீர் இருக்கா, ஜன்னலைச் சாத்திக்கோ என்பார். கார்டு பச்சைக் கொடியை விரிக்கும்போதுதான் விஷயத்தை எடுப்பார். பதில் சொல்ல அவகாசம் இருக்காது. மிச்சத்தை ரயில் பார்த்துக்கொள்ளும்.

அக்கா கோலாலம்பூரில் கல்லூரிக்குத் திரும்பிய நாளொன்றில் அப்படித்தான் நடந்தது. "அந்தப் பொடியன் வீட்டுக்குச் சரிவராது எண்டு சொல்லிப்போட்டன்," என்றார், கொடி அசையும்போது. பொடியன் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பாவுக்கு அந்த ஒரு காரணம் போதும். தாப்பா ரோடு ஸ்டேஷன் தாண்டும்வரை அழுதேன் என்று அக்கா பின்னாளில் ஒரு தடவை சொன்னாள். அப்பா பார்த்து வைத்தவரைத்தான் கட்டினாள்.

ரஜீவும் அதையே அப்பாவுக்குத் திருப்பிச் செய்தான். விடுமுறை முடிந்து ஏறி உட்கார்ந்து, ரயில் நகர்ந்த பிறகு, "நான் படிப்பை விட்டுட்டேன்பா," என்றான். அப்பா ஜன்னல் கம்பியில் வைத்திருந்த கையை எடுக்காமல் கொஞ்சதூரம் கூடவே நடந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். சாகும்வரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று ரஜீவுக்கு இன்றைக்கும் தெரியாது.

ஸ்டேஷன் வெளியிலிருந்து அப்படியேதான் இருந்தது. வெள்ளைக் கோபுரம், நீள வராந்தா, முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள். மாடியிலிருந்த ஹோட்டலை மூடிப் பல வருடமாகிறது. உள்ளே அப்பா உட்கார்ந்த இடம் எதுவென்று அம்மா தேடினாள். டிக்கெட் இயந்திரம் ஒன்றைக் காட்டி, இங்கேதான் என்றாள். இல்லை, இன்னும் அந்தப் பக்கம் என்று அக்கா சொன்னாள். இருவரும் கொஞ்சநேரம் அதைப் பற்றி வாதாடினார்கள். ரஜீவ் கேட்டுக்கொண்டு நின்றான். இன்னும் கொஞ்சம்தான், உள்ளே போய், அக்கா உட்கார்ந்த பிறகு சொல்லிவிடலாம்.

அவன் கடைசியாக யாரையாவது வழியனுப்ப வந்தது மின்சார ரயில் வருவதற்கு முன்னால். அதனால் பிளாட்பாரத்துக்குப் போகும் கதவு திறந்து, வரிசை நகர்ந்து, அக்கா கைப்பேசியை இயந்திரத்தில் காட்டி உள்ளே போன பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. வாசலில் நின்ற பெண் கையை நீட்டித் தடுத்தாள். சட்டையில் தினேஸ்வரி என்று பெயர் இருந்தது.

"அண்ணே, பயணம் போறவங்க மட்டும்தான்லா. டிக்கெட் இருக்கா?"

இல்லை, வழியனுப்பத்தான் வந்தோம் என்றான். அம்மா அவனை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "பிளாட்பாரம் டிக்கெட் எங்க பிள்ளை எடுக்கிறது?"

தினேஸ்வரி சிரித்துவிட்டாள். "அதெல்லாம் எப்பவோ போச்சு பாட்டி."

"உள்ளுக்கு கார்ட் நிற்பாரோ?"

கார்டு எதற்கு என்று அவள் கேட்டாள். அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே நின்ற மகளைப் பார்த்தாள். இந்த ரயில் வந்தால் மூச்சுவிடுவதற்குள் கிளம்பிவிடும், ஜன்னலும் திறக்காது, உள்ளே போனாலும் பிரயோசனமில்லை என்று தினேஸ்வரி ஆறுதலாகச் சொன்னாள்.

அக்கா தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தாள். அவளுக்குப் பின்னால் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ரஜீவின் முகத்தைப் பார்த்தே ஏதோ கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடா? ஏதாச்சும் சொல்லணுமா?"

அம்மா பக்கத்தில் நின்றாள், தோளோடு தோள். அவளைக் கூட்டிப் போ என்று அவள் காதுபடச் சொல்ல வேண்டும். அப்பாவாக இருந்தால் இதைவிட மோசமானதையும் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்கு ஒரு கொடி இருந்தது.

"ஒண்ணுமில்லக்கா. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு."

அக்கா தடுப்புக்கு மேலே கையை நீட்டினாள். அவன் கையைத் தொட்டு, "நீ பாத்துக்கிறதாலதான்டா எனக்கு அம்மாவப் பத்திக் கவலையே இல்ல," என்றாள். மனதாரச் சொன்னாளா, அவன் வாயை அடைக்கச் சொன்னாளா என்று தெரியவில்லை. அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள். அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள். பையைத் தடுப்புவரை தூக்கி, மறுபடி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். ரயில் வருவதாக மலாயில் அறிவித்தார்கள். அக்கா போய்விட்டாள்.

திரும்பும்போது அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பை இன்னும் மடியில்தான் இருந்தது.

"பலகாரத்தக் குடுக்கலையே," என்றான்.

"ஓம். மறந்துபோனன்."

வீட்டுக்கு வந்ததும் தலை சுற்றுகிறது என்று போய்ப் படுத்துவிட்டாள். பையைச் சமையலறை நாற்காலியில் வைத்திருந்தாள். வெயிலில் போய்வந்த பலகாரம் கெட்டுவிடும் என்று அவன் பையைத் திறந்தான்.

பலகாரம் இல்லை. நான்கு சேலை, மடித்து அடுக்கியது. பல்செட் டப்பா. பிளாஸ்டிக் உறையில் பல்துலக்கி. பிரஷர் மாத்திரை முழு அட்டைகளாக, சில்லறையாக அல்ல. மாத்திரைக்குக் கீழே ஐசி என்கிற அடையாள அட்டையும், மாதாந்தரம் பார்க்கப் போகும் ஆஸ்பத்திரி அட்டையும்.

ரஜீவ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கார்டு உள்ளே இருப்பாரா என்று அவள் ஏன் கேட்டாள் என்பது இப்போது விளங்கியது. அந்தக் காலத்தில் ரயில்வேக்காரன் பெண்சாதி சும்மா ஏறிவிடுவாள். ரயில் நகர்ந்த பிறகு கார்டு வந்து டிக்கெட் எழுதிக் கொடுப்பார். அம்மா அதை நம்பி வந்திருக்கிறாள். அக்காவோடு ஏறி, பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மகனிடம் ரயில் நகரும்போது சொல்ல நினைத்திருக்கிறாள். நான் போறன் தம்பி. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளும் அதையேதான் கற்றிருந்தாள்.

அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அவன் கேட்க நினைத்ததைத்தான் அவளும் கேட்க நினைத்திருக்கிறாள். தலைமேலிருந்த பாரம் இறங்கிய மாதிரிதானே. ஆனால் முதலில் வந்தது கோபம். பூட்டிய கதவுக்குள் அவள் இத்தனை இரவு எதை நினைத்துப் படுத்திருந்தாள்? அடுத்து வந்ததற்கு அவன் பெயர் வைக்கவில்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கிப் பையை மூடினான்.

வேலைக்குப் புறப்படுமுன் முகம் கழுவப் போனான். பல்செட் டப்பா பையிலிருந்து குளியலறைத் தட்டுக்குத் திரும்பி, அதன் இடத்தில் இருந்தது. அம்மா எழுந்து, சோறு போட்டு வைத்திருந்தாள்.

"நீ இண்டைக்குப் படுக்கவே இல்லையே தம்பி," என்றாள். "அங்க போய்த் தூங்கி விழாத."

சரி என்றான். கறிக்கு உப்புக் குறைந்திருந்தது. அதைச் சொல்லவில்லை. சாப்பிடும்போதே அக்காவிடமிருந்து செய்தி வந்தது: வந்து சேர்ந்துவிட்டேன்.

வேலைக்குப் போகும் மோட்டார்சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, கிளப்பாமல் கைப்பேசியை எடுத்தான். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர், வரும் ஞாயிறு, முதியவர் ஒருவர். ஜன்னலோரம் இருக்கை இருந்தது. அம்மாவின் பெயரைப் போட்டான். ஐசி எண்ணைப் போட்டான். ஆஸ்பத்திரி பாரங்களில் எழுதி எழுதி மனப்பாடமானது. பணம் கட்டும் பொத்தான் வந்தது. இருக்கையை இவ்வளவு நேரம்தான் பிடித்து வைத்திருப்போம் என்று அதன் மேலே ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது.

அழுத்தினால் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பையைப் பார்த்தது தெரிந்துவிடும். அவளைப் போகச் சொல்ல அவன் நினைத்தது அவளுக்குத் தெரியவரும். அவனை விட்டுப் போக அவள் நினைத்தது அவனுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியவரும். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைவரை ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டுக்குள்ளேயே, பச்சைக் கொடி எதுவும் இல்லாமல்.

உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குழாயை மூடினாள். மெதுவாக நடந்து கூடத்துக்கு வந்து நின்றாள். கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. அவனை ஒரு தடவை பார்த்தாள். அவனும் பார்த்தான். கையிலிருந்த திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே போய், நின்றன. நேரம் முடிந்துவிட்டது, மறுபடி தேடுங்கள் என்று மலாயில் வந்தது.

"வாரேம்மா," என்றான்.

"ஓம், பார்த்துப் போ."

இறங்கி வந்து கதவைச் சாத்தி, வெளியே பூட்டைப் போட்டு, வழக்கம்போல் ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.