தினமும் இரண்டு

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. கழிவறையில் அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். அடிவயிறு கல்லாக இருந்தது, சிறுநீர் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. தொடையின் உள்பக்கத்தைக் கிள்ளினேன். யாருடைய தொடையையோ கிள்ளுவதுபோல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி கூவியது. “காலை வணக்கம், காளியப்பன்! இன்று வலி எவ்வளவு?” கீழே பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண்கள். போடா வெங்காயம் என்று பல்லைக் கடித்தேன்.

பண்டார் தெங்காராவில் இருபத்தாறு வருடம் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவன் நான். வலியைக் கவனிக்க மருத்துவமனையில் போட்டுக்கொடுத்த செயலி இது. எண் ஆறைத் தாண்டினால் என் மகள் தேன்மொழிக்கும் செய்தி பறக்கும். அவள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள், அங்கேயே அறையெடுத்துத் தங்கியிருக்கிறாள். ஒருமுறை கோபத்தில் எட்டை அழுத்தித் தொலைத்தேன். பாவம் பிள்ளை, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எல்லைப் பாலம் தாண்டி ஓடிவந்தாள். மறுநாள் அவள் கையில் கம்பெனியின் எச்சரிக்கைக் கடிதம். அன்றிலிருந்து உயிரே போனாலும் இரண்டுதான். “நல்ல முன்னேற்றம்!” என்று செயலி பாராட்டும்.

இந்த வாரம் திங்கட்கிழமை தொடை மரத்துப்போக ஆரம்பித்தது. “மரத்துப் போகிறதா?” என்று அது கேட்டது. ‘ஆம்’ என்றாலும் மகளுக்குச் செய்தி போகும், ‘இல்லை’யை அழுத்தினேன். செவ்வாய், புதன், வியாழனும் அப்படித்தான்.

இன்று பத்தை அழுத்தினேன். “நேற்றுவரை இரண்டு. தவறுதலாக அழுத்திவிட்டீர்களா?”

“அடச்சீ, சனியனே!” என்று கத்திவிட்டு மறுபடி பத்தை அழுத்தினேன். மரத்துப் போகிறதா என்பதற்கு ‘ஆம்’. உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லித் திரை சிவந்தது. எழுந்தேன், கால் மடங்கி விழுந்தேன். பக்கத்து வீட்டு வசந்தனைக் கூப்பிட்டு அலறினேன். அவர்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

மருத்துவமனையில் இடுப்பை ஸ்கேன் எடுத்து முடித்தபோது தேன்மொழி வந்துவிட்டாள். டாக்டர் ஹேமநாதன் கட்டிலருகே நின்றார்.

“நரம்பு நசுங்கியிருக்கு, அங்கிள். இப்பவே ஆப்பரேஷன் பண்ணணும். மரத்துப் போனது எப்போ ஆரம்பிச்சுச்சு? அதை வெச்சுத்தான் கால்ல உணர்ச்சி திரும்பி வருமான்னு சொல்ல முடியும்.”

நான் வாய் திறக்குமுன் தேன்மொழி தன் கைப்பேசியில் செயலியைத் திறந்து நீட்டினாள். “இன்னிக்குக் காலையிலதான், டாக்டர். நான் தினமும் பாக்குறேன்லா. நேத்துக்கூட ரெண்டுதான், மரத்துப் போகலன்னுதான் போட்டிருக்காரு.”

டாக்டரின் முகம் தெளிந்தது. “நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க,” என்று எழுத ஆரம்பித்தார்.

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“திங்கக்கிழமைலேர்ந்து.”

பேனா நின்றது. டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். பிறகு வேகமாக வெளியே போய் யாரையோ கூப்பிட்டார்.

தேன்மொழி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். போர்வையை விலக்கி என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

“இது தெரியுதாப்பா? இது? இங்க?”

தெரிகிறது என்று சொல்லத்தான் வாய் வந்தது.

“தெரியலம்மா,” என்றேன்.